விடுபட்ட எண்

293318625600.

இந்த எண் எனக்கு மனப்பாடம். வங்கிக் குமாஸ்தாவுக்கு நீள எண்கள் புதிதல்ல. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கணக்கு எண்கள் கண்ணில் பட்டு மறைகின்றன. ஆனால் அவை உண்மையில் எண்களே அல்ல; பெயர்களுக்குப் பதிலாக நிற்கும் அடையாளங்கள். ஒரு சேமிப்புக் கணக்கின் எண்ணை இரண்டால் வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. மேலே எழுதியிருப்பது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது எதற்கும் பதிலாக நிற்கவில்லை. ஓர் அட்டவணையில் அது இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போயிற்று. இல்லாமல் போனதால்தான் என் கவனத்துக்கு வந்தது.

அட்டவணை இராமானுஜனுடையது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கு எழுதிய குமாஸ்தா 1914இல் கப்பலேறினார். மறுவருஷம் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அறுபது பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு கட்டுரை வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். நானும் பி.ஏ.தான், ஆங்கில இலக்கியம், பஜாரில் விற்ற நோட்ஸைப் படித்து வாங்கியது. இராமானுஜன் என்றதும் 1729 என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அந்த டாக்ஸிக் கதையில் ஒரு மேதை, ஒரு நோய்ப்படுக்கை, ஒரு வெள்ளைக்கார நண்பர் எல்லாம் உண்டு. வாரப் பத்திரிகைக்கு அது போதும். நான் சொல்லும் அட்டவணையில் கதை கிடையாது. இடப்பக்கம் எண்கள், எதிரே அவற்றின் காரணிகள் எத்தனை என்ற கணக்கு. பழைய லெட்ஜர் பக்கம் போலத்தான் இருக்கிறது.

விஷயம் எளிது. 12ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 13க்கு இரண்டே, அது பகா எண். தனக்குக் கீழேயுள்ள ஒவ்வொரு எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை இராமானுஜன் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்தார். மிகுபகு எண் என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். பகா எண்ணுக்கு நேர் எதிரான துருவம் இது. பகா எண் எவருக்கும் பங்கு தராது; மிகுபகு எண் கேட்டவர்களுக்கெல்லாம் தரும்.

விருதுநகரில் வளர்ந்தவனுக்கு இதில் மர்மம் ஏதுமில்லை. எங்கள் ஊர் மார்க்கெட்டில் ஒரு எண்ணின் யோக்யதையே அதை எத்தனை விதமாகப் பங்கு போடலாம் என்பதுதான். டஜன், குரோஸ் என்ற சொற்கள் எங்களுக்கு ஆங்கிலமாகத் தெரிவதில்லை. தீப்பெட்டியில் 600 பெட்டி ஒரு பண்டல். 600க்கு 24 காரணிகள். ஆனால் 360க்கே 24 உண்டு, ஆகவே 600 மிகுபகு எண் ஆகாது. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது, பெட்டிக்கு 36 ஆக இருந்த குச்சியை 50 ஆக்கினார்கள். 36க்கு ஒன்பது காரணிகள், 50க்கு ஆறு. குச்சி கூடியது, பங்கு குறைந்தது என்று கல்லூரியில் கணிதம் நடத்தும் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இந்த அட்டவணையைப் பற்றிச் சொன்னார். அப்படித்தான் இது தொடங்கியது.

அட்டவணை 2இல் தொடங்கி 6746328388800இல் முடிகிறது. கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள். மொத்தம் 102 எண்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் பலகையிலும் தாளிலும் போட்ட கணக்கு. இதில் 240940299600க்கு 4800 காரணிகள். 321253732800க்கு 5376. இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று வந்திருக்க வேண்டும். அதுதான் 293318625600. அச்சான அட்டவணையில் அது இல்லை. 103 இருக்க வேண்டிய இடத்தில் 102 இருந்தன. பின்னால் வந்தவர்கள் கண்டு சொன்னார்கள்.

அந்த எண்ணை நானே பிரித்துப் பார்த்தேன். கேஷ் முடித்த ஒரு சாயங்காலம், எழுதிக் கெட்டுப்போன சலான்களின் பின்பக்கத்தில். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. காரணிகளின் எண்ணிக்கை காண ஒவ்வொரு முறையோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. பகாக் காரணிகளின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஏறாமல் இறங்கி வருவதைக் கவனித்தேன். மிகுபகு எண் எதிலும் இந்த அடுக்குகள் ஏறவே ஏறாது; 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசி அடுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். கட்டுரையிலேயே நிறுவப்பட்டிருக்கும் விதி இது. விடுபட்ட எண் அந்த விதிக்குக் குறைவின்றி அடங்கியிருந்தது. தகுதியில் ஒரு பழுதும் இல்லை.

இன்னும் சில. 5040 என்பதே ஒரு மிகுபகு எண். அட்டவணையின் ஆரம்பத்தில் அது இருக்கிறது. பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில் நகரத்துக்கு 5040 குடும்பம் என்று வைத்தது, அது எத்தனையோ விதமாகப் பங்கிட வரும் என்பதற்காகத்தான். விடுபட்ட எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45. அந்த 45ஆல் அது மீதமின்றி வகுபடும். இப்படிப்பட்ட எண்களுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் (1905–1986). ஹர்ஷத் என்றால் மகிழ்ச்சி தருவது. ஆக, விடுபட்டுப்போன இந்த எண் மகிழ்ச்சி தரும் எண்களில் ஒன்று.

*

வங்கியில் சேர்ந்த புதிதில், ஓய்வுபெறப் போகும் ஒரு சீனியர் எனக்குப் பழைய வித்தைகள் சொல்லிக்கொடுத்தார். ட்ரயல் பேலன்ஸ் இடித்தால் முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும், 63ஐ 36 என்று எழுதியிருப்பாய். வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கு. அந்தப் பாதித் தொகையைப் பற்றில் எழுதவேண்டியது வரவிலோ, வரவில் எழுதவேண்டியது பற்றிலோ ஏறியிருக்கும். எதுவும் பிடிபடாவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன ஒன்றைக் கம்ப்யூட்டராலும் பார்க்க முடியாது. வரவும் எழுதாமல் பற்றும் எழுதாமல் ஒரு வவுச்சரையே விட்டுவிட்டால் பேலன்ஸ் இடிக்காது. எல்லாம் டேலி ஆகும். "டேலி ஆன நாள்லதான் தம்பி பயப்படணும்" என்பார்.

இராமானுஜனின் அட்டவணையும் டேலி ஆகியிருந்தது. இருக்கும் 102 எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. கட்டுரையின் எந்தத் தேற்றமும் இந்த ஒன்று விடுபட்டதால் ஆட்டம் காணவில்லை. பட்டியல் தன்னிடம் இருப்பதற்குத்தான் சாட்சி சொல்லும்; இல்லாததைப் பற்றி அதனிடம் கேட்கவே முடியாது. இது எனக்குப் புதிய உண்மை அல்ல. வங்கிக்கு வரும் முன்பே, வேறொருவரிடம் கேட்டிருந்தேன்.

2010இல் பி.ஏ. முடித்து, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, சிவகாசிப் பக்கம் ஒரு சின்ன பயராபீஸில் எட்டு மாதம் கணக்கு எழுதினேன். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ்தான். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மேஜை நாற்காலி நினைவுக்கு வந்தால் அது நம் கோளாறு. பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள், நடுவே வேப்பமரங்கள், அறைக்கு வெளியே மணல் வாளி, தண்ணீர் வாளி. மேஜை நாற்காலி எனக்கு மட்டும் இருந்தது.

மருந்து புழங்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. மஸ்டரில் அறைக்கு நான்கு பெயர்தான் இருக்கும். தீபாவளி நெருங்க நெருங்க அறைக்கு ஐந்து பேர் உட்கார்ந்தார்கள், சில நாள் ஆறு. அவர்களுடைய கூலியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சனிக்கிழமை சம்பளம் கொடுத்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். "ரூமுக்கு நாலு பேருதான் தம்பி. மேல எழுதினா லைசென்சுக்கு ஆபத்து" என்றார் மேனேஜர் அண்ணாச்சி. எனக்கு அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. அப்போது நான் எலியட்டையும் அந்நியமாதலையும் பற்றித் தீவிரமாகச் சிந்தித்துக்கொண்டிருந்தேன். துண்டுச் சீட்டு அந்தச் சிந்தனைக்குள் வரவில்லை.

மூன்றாவது அறையில் ஐந்தாவதாக ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். விடியுமுன் வேனில் வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. குழல்களுக்குத் திரி வைக்கும் வேலை. கூலி குரோஸ் கணக்கு. ஒரு நாள் சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, பதினொண்ணு போட்டிருக்கீங்களாம். பன்னெண்டு குரோஸ். ஒண்ணு விட்டுப்போச்சு."

நான் சீட்டை எடுத்து மறுபடி கூட்டினேன். பதினொன்றுதான். "கணக்கு சரியாத்தான்க்கா இருக்கு."

"கூட்டினது சரியாத்தான் இருக்கும். கூட்டாம விட்டத யாரு கூட்டுவா?"

எழுந்து போய்த் தட்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு. 144ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1728. உலகம் அறிந்த அந்த டாக்ஸி எண்ணுக்கு ஒன்று குறைவு. அவருக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு முறை தன் விரல்கள் அசைந்ததை அவர் அறிந்திருந்தார். என் கணக்குக்கு வெளியே அவருடைய கணக்கு ஒன்று இருந்தது. அதனால்தான் என் பிழை பிழையென்று தெரிந்தது.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம் அந்த அறை தீப்பிடித்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஐந்து பேருக்கும் காயம். நான்கு பேர் பிழைத்தார்கள். இந்த அக்கா பதினொரு நாள் மதுரையில் கிடந்து இறந்தார். விசாரிக்க வந்தவர் மஸ்டரைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார், "இந்தம்மா இங்க வேலை பார்த்தாங்களா?"

"மஸ்டர்ல பேர் இல்ல சார்" என்றேன்.

அவர் கேட்டது அதுவல்ல. ஆனால் நான் சொன்னது பொய்யும் அல்ல. மொழியை முறையாகப் படித்தவன் என்பதால் எனக்கு அந்த வாக்கியம் உடனே அமைந்தது. அறையிலிருந்த உறவுக்காரப் பெண்ணுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் என்று எழுதிக்கொண்டார்கள். மேனேஜர் அண்ணாச்சி அவருடைய வீட்டாரிடம் ஏதோ கொடுத்துப் பேசி முடித்தார். அன்றைய மஸ்டர் பக்கம் இன்றும் என் கண் முன் இருக்கிறது. மூன்றாவது அறை, நான்கு பெயர், நான்கு கையெழுத்து, நான்கு கூலி. ஒரு பிழையும் கிடையாது.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பெரிய விபத்தின்போது நான் அங்கே வேலையில் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையைச் செய்தித்தாள்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டுப் போட்டன. உதவ ஓடிய பக்கத்துக் கிராமத்தார்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். அவர்களை எந்த மஸ்டரிலும் தேட முடியாது. அந்த வாரம் ஒவ்வொரு பத்திரிகையாக வாங்கி எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதை எதோடு டேலி பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

*

இதையெல்லாம் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்கலாம். பட்டியல் போடுவது நம் தொழில் என்பதால்தான். க.நா.சு. பட்டியல் போட்டதற்காக வாங்கிய வசை நமக்கெல்லாம் தெரியும். வசைபாடியவர்களும் பிறகு பட்டியல்தான் போட்டார்கள், வேறு பெயர்களோடு. நானும் போட்டிருக்கிறேன். கவிதைத் தொகுதிகள் பத்து, நாவல்கள் பன்னிரண்டு. நண்பர்கள் சண்டைக்கு வரும்போது என் பதில் எப்போதும் ஒன்றாகவே இருந்திருக்கிறது: இதில் இருக்கும் பெயர்களில் எதற்குத் தகுதியில்லை, சொல்லுங்கள். விவாதத்தில் இதை யாரும் தாண்டியதில்லை. மூன்றாவது அறையின் நான்கு பெயர்களுக்கும் இதே பதில் பொருந்தும் என்பது எனக்கு வெகு நாள் கழித்தே உறைத்தது. இருப்பதை நியாயப்படுத்துவது விமர்சனத்தில் பாதிக் காரியம்தான். மற்றப் பாதிக்கு, பட்டியலை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தட்டுகளை எண்ண வேண்டும்.

கணிதத்திலேயே ஓர் உதாரணம். குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் இருந்தவர். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று 1940இல் நிறுவினார். இராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார் என்றால், பிள்ளை 1943இல் காரணிகளின் கூட்டுத்தொகையை வைத்து, தனக்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும் இந்தக் கூட்டுத்தொகையில் மிஞ்சும் எண்களைத் தனி வகையாக்கினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். தமிழ்க் கணித மேதைகள் என்று நம்மவரிடம் கேட்டால் ஒரு பெயர் வரும். தவறான பெயர் இல்லை. பட்டியல் டேலி ஆகிறது.

ஆனால் கணிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 293318625600 அட்டவணையில் இடம் பெற இராமானுஜனின் தயவு தேவையில்லை. தனக்குக் கீழேயுள்ள எதற்கும் இல்லாத அளவு காரணிகள் தனக்கு உண்டு என்ற ஒன்றே போதும். யார் எப்போது எண்ணினாலும் அது தன் இடத்தில் வந்து நிற்கும். 1915இல் சங்கத்துக்குப் பணமுடை இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகாமல் நின்றது. அதுவும் 82 வருஷம் காத்திருந்து, நிக்கோலா, ரோபின் என்ற இரு பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளோடு 1997இல் வெளிவந்தது. இலக்கணம் இருப்பதால் விடுபட்டது திரும்பி வருகிறது. மனிதர்களுக்கு அப்படி ஓர் இலக்கணம் கிடையாது. எழுதப்பட வேண்டும், அல்லது எண்ணியவர் யாராவது உயிரோடிருந்து ஒண்ணு விட்டுப்போச்சு என்று சொல்ல வேண்டும். எங்கள் மூன்றாவது அறையைப் பொறுத்தவரை, எண்ணத் தெரிந்தவரே விடுபட்டுப்போனார்.

சலான்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்ட அன்று கடைசியாக ஒன்று கண்டேன். அட்டவணையின் இறுதி எண்ணையும் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றி 6746328388800ஐ எடுத்துக்கொண்டேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, 11, 13, 17, 19. அதுவரை விடுபட்ட எண்ணேதான். மிச்சம் 23. அதாவது விடுபட்டதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண். அட்டவணை எந்த எண்ணில் போய் முடிகிறதோ அதற்குள், பெயர் சொல்லப்படாமல், அது முழுசாக இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார்.

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. இது எண்களுக்கு மட்டுமே நடக்கும்.

போன வருஷம் அந்த அக்காவின் ஊருக்குப் போனேன். மகன் லோடு வண்டி ஓட்டுகிறார். நான் யார் என்பதையும் அன்று என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார். எழுதப் போகிறேன் என்றபோது கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்கண்ணே. பேரு மட்டும் போடாதீங்க. அப்ப ஏதோ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம், பிரச்சினை வரும்."

ஆகவே இங்கும் பெயர் இல்லை.